மொட்டை லாரியின் கேபின்

கொதித்த ரேடியேட்டர் தண்ணீருக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. துருவும் சூடான ரப்பரும் கலந்து, அடியில் எங்கோ லேசான தித்திப்போடு வரும். பாகூர் போகிற வழியில், கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஓரங்கட்டி நின்று புகைந்துகொண்டிருந்தது. ஓட்டி வந்தவர் சாக்கை மடித்துப் பிடித்து மூடியைத் திருகினார். ஆவி சீறி எழுந்து, சாலையைக் குறுக்கே கடந்து, என் முகத்தில் வந்து உட்கார்ந்தது. பைக்கை நிறுத்தினேன். கண்களைத் திறந்துகொண்டுதான் இருந்தேன், ஆனாலும் சாலையைக் காணவில்லை. சாலை இருந்த இடத்தில் தட்டையான ஒரு முகம் நின்றது. நடுவில் பட்டை வைத்து இரண்டாகப் பிரித்த கண்ணாடி. அதற்குப் பின்னால், தரையிலிருந்து வெகு உயரத்தில், கையை ஆட்டிக்கொண்டு என் அக்கா.

அப்போது எனக்குப் பதினைந்து வயதிருக்கும். அவள் கல்யாணமாகிப் பாகூர் பக்கம் போய் ஒரு மாதம் ஆகியிருக்கலாம். வில்லியனூர் கடைத்தெருவில் நின்றுகொண்டிருந்தேன். கரும்பு லாரியில் அவள் வருவாள் என்று யார் கண்டார்கள். லாரி நிற்கவில்லை. அந்த வாசனையை மட்டும் விட்டுவிட்டுப் போனது.

"இன்னா சார், ஒதவி பண்ணப் போறியா, வேடிக்க பாக்கப் போறியா?" என்றார் டிராக்டர்காரர். என்னிடமிருந்த தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

லாரி அங்கேதான் இருந்தது. மாதம் இரண்டு முறையாவது அதைத் தாண்டித்தான் அந்த வீட்டுக்குள் நுழைகிறேன். ஆனால் தினம் இருக்கிற பொருளை யார் பார்க்கிறார்கள். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், புங்க மரத்தடியில், செங்கல் முட்டுக் கொடுத்து இருபது வருடமாக நிற்கிறது. மூக்கு இல்லாத லாரி. மற்ற பழைய லாரிகளைப் போல எஞ்சின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்காது. கேபினுக்குள்ளேயே, ஓட்டுகிறவருக்கும் கிளீனருக்கும் நடுவில், இரும்பு மூடிக்கு அடியில் குடியிருக்கும். அதனால்தான் ஊரில் அதற்கு மொட்டை லாரி என்று பெயர். சுவரில் முட்டிக்கொண்ட குழந்தையின் முகம் அதற்கு. கோபமா, திகைப்பா என்று சொல்ல முடியாது.

"நான் இத ஓட வைக்கப் போறேன்க்கா" என்றேன்.

அக்கா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "தேன் பொட்டி இன்னா ஆச்சு?"

"அது வேற."

"காளான் கொட்டா?"

"அதுக்கு வெயில் ஒத்து வரல."

"வெயிலுக்கு நீ ஒத்து வரலனு சொல்லு." அப்புறம்தான் முகத்தைத் தூக்கினாள். நான் எதிர்பார்த்த சிரிப்பு அதில் இல்லை. "இதயும் பாதில போட்டுட்டுப் போவறதா இருந்தா இப்பவே போயிடு. நிக்கிற லாரியாவது எனக்கு இருக்குது. நீ கழட்டிப் போட்டுட்டுப் போனா அதுவும் இருக்காது."

அவள் சொன்னதில் இருந்த கனம் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நான் ஏற்கெனவே மனசுக்குள் லாரிக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தேன்.

வில்லியனூரில் நான் வைத்திருப்பது ஜெராக்ஸ் கடை. ஆட்கள் வராத நேரம் நிறைய. பாழான தாள்களின் பின்பக்கத்தில் லாரியை வரைய ஆரம்பித்தேன். முன்புறம் ஒரு படம், பக்கவாட்டில் ஒன்று, வயிற்றுக்கு அடியிலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று ஒன்று. முன்னால் யாரோ ஒருவரின் சாதிச் சான்றிதழ், பின்னால் என் ஸ்பிரிங் பட்டைகள். கண்ணாடிக்கு அடியில் பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும்போதெல்லாம், கதிர் விட்ட நெல்வயலின் மேல் அந்த லாரியின் முகப்பு விளக்கு நகர்ந்து போவதைப் பார்ப்பேன். எந்த வயல் என்று கேட்டால் தெரியாது. நெட்டப்பாக்கம் பக்கமாக இருக்கலாம். லாரி சத்தமில்லாமல் போகும். கனவில் ஓடும் வண்டிகளுக்கு எஞ்சின் சத்தம் இருப்பதில்லை. கதிர்கள் அதற்கு வழிவிட்டுச் சாயும். "சார், என்னோடது ரெண்டு காப்பி" என்று ஒருவர் மேசையைத் தட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போவேன். கீழ்ப்பாதி மஞ்சள், மேலே வெள்ளை என்று ஒரு வாரம். அடுத்த வாரம் முழுக்கச் சிவப்பு.

"போன வாரம் மஞ்ச, இந்த வாரம் செவப்பு" என்றாள் அக்கா. "ரேசன் கார்டாடா இது?" எங்கள் ஊரில் ரேசன் கார்டு மஞ்சளிலும் சிவப்பிலும்தான் வரும்.

மாமா தாள்களின் பக்கமே வர மாட்டார். அந்த லாரியைப் பதினைந்து வருடம் ஓட்டியவர் அவர்தான். இப்போது பிள்ளையார்குப்பத்தில் ஒரு கல்லூரிப் பேருந்தை ஓட்டுகிறார். ஏசி பேருந்து, காக்கிச் சட்டை, சாயந்திரம் ஐந்தரைக்கு வீடு. அவருடைய இடது கால் முட்டிக்குக் கீழே வழுவழுவென்று இருக்கும். எஞ்சினின் அனல் அந்தப் பக்கமாகத்தான் அடித்துக்கொண்டே இருந்ததாம். லுங்கியைத் தூக்கிக் காட்டுவார்.

"இங்க பாரு மச்சான். இன்னிக்கி வரைக்கும் ஒரு முடி மொளைக்கல. லாரினு சொல்றீங்க. அடுப்பு அது. அடுப்புக்குப் பக்கத்துல ஒக்காந்து ஸ்டேரிங் சுத்தினேன்."

"அப்ப எடைக்குப் போட்டுட வேண்டியதுதானே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவள கேளு" என்றார். தலையை மட்டும் வீட்டின் பக்கமாகத் திருப்பினார்.

அதைக் கேட்கும் தைரியம் எனக்கு வர மூன்று ஞாயிறு பிடித்தது. அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். கீரை விலை சொல்வதுபோல.

"நான் வந்தப்ப இந்த வூட்ல பதினோரு பேரு. ஒரே கூடம். அவுரோட பேசணும்னா தண்ணி எடுத்துனு போற மாரி கெணத்துக்குப் போவணும், அங்க நாத்தனா நிக்கும். கரும்பு வெட்டு வந்துச்சி. சக்கர ஆல வாசல்ல ரெண்டு நாளு, மூணு நாளு வரிசைல லாரி நிக்கும். சோறு கட்டி எடுத்துனு நானும் போறேன்னேன். மாமியா மொறைச்சாங்க. போயிட்டேன். எஞ்சின் மூடி மேல சாக்கு போட்டு ஒக்காந்துப்பேன். பொடவ ஒண்ண ஜன்னலுக்குக் கட்டிடுவேன். முன்னால லாரி, பின்னால லாரி, எல்லாரும் தூங்கினு இருப்பாங்க. நாங்க பேசினே இருப்போம். ஊர்ல எல்லாரும் தனிக்குடித்தனம் போனாங்க இல்ல. நான் போனது அங்கதான்."

"இன்னா பேசுவீங்க?"

"அது உனக்கெதுக்கு? நீ பெயிண்ட்ட பாரு."

வீட்டுக்கு வந்து என் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஸ்பிரிங் பட்டை, டீசல் டேங்க், பக்கக் கண்ணாடி, சேறு தடுக்கும் ரப்பர், முகப்பில் தொங்கவிட வேண்டிய குஞ்சலம் வரைக்கும் இருந்தது. ஒரு படத்திலும் கேபினுக்குள்ளே எதுவும் வரையவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் கருப்பாக நிழல் அடித்துவிட்டிருந்தேன்.

மெக்கானிக் வந்தது தைப் பொங்கல் கழிந்த வாரம். வில்லியனூர் பைபாஸ் ஓரத்தில் லாரிப் பட்டறை வைத்திருப்பவர், என் வயதுதான். எஞ்சின் வேலையும் தெரியும், பாடி கட்டவும் தெரியும். வந்ததும் லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்போல எதையும் தொடாமல், ஆனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. பிறகு மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"சேசிஸ் நல்லா கீது சார். அந்தக் காலத்து இரும்பு."

வெளியே வந்து ஹேண்டிலைப் போட்டு எஞ்சினைத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை.

"புடிச்சிகினு கீது. டீசல் ஊத்தி ஊறப் போட்டா விட்டுடும். ஒரு மாசம் ஆவும். அவசரப்பட்டா ஒடையும்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்கள பாத்தா அவசரப்படற ஆளு மாரி தெரியுது."

அக்கா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். மாமாவும் அன்று வீட்டில் இருந்தார். வரப்பில் நின்று வாய்க்கால் தண்ணீரைத் திருப்புவதுபோல நின்றார், காது மட்டும் இங்கே.

மெக்கானிக் கேபினுக்குள் ஏறினார். இந்தப் பழைய கேபின்கள் முழு இரும்பு இல்லை. மரச் சட்டம் அடித்து, மேலே தகடு போர்த்தியிருப்பார்கள். தரையும் அப்படித்தான், கீழே பலகை, மேலே தகடு. அவர் ஸ்குரூ டிரைவரால் மேலே தட்டினார். டொக் டொக் என்றது. கதவைத் தட்டினார். சத்தம் கொஞ்சம் மந்தம். தரையில் குத்தினார். சத்தமே இல்லை. வெந்த பனங்கிழங்கில் இறங்குவதுபோல ஸ்குரூ டிரைவர் பிடி வரைக்கும் இறங்கியது.

"கேபின் போச்சு சார்."

"போச்சுன்னா?"

"ஒடைச்சிட்டு புதுசுதான் கட்டணும். நாலு காலும் உளுத்துப் போயி நிக்கிது. இத வச்சினு வண்டி ரோட்டுல ஏறுனா, மொதல் பள்ளத்துல டிரைவர் கீழ, ஸ்டேரிங் மேல." எட்டி மேலே பார்த்தார். "மழையில கெட்டதா இருந்தா கூரதான் மொதல்ல போவும். கூர கல்லு மாரி கீது. கீழதான் போயிருக்கு. யாரோ உள்ள பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்திக் கழுவியிருக்காங்க. வருசக் கணக்கா. தகட்டுக்கும் பலகைக்கும் நடுவுல பூந்த தண்ணி எங்க போவும்? அங்கயே குந்திக்கும்."

அக்கா டீத் தட்டோடு படிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆயுத பூஜை வந்தால் எங்கள் பக்கத்தில் மண்வெட்டியிலிருந்து மிக்சி வரைக்கும் குளிக்கும். பொட்டு வைத்துக்கொள்ளும். ஓடுகிறது, ஓடாதது என்ற பேதமெல்லாம் கிடையாது. அந்த லாரி நின்ற வருடத்திலிருந்து அதைக் குளிப்பாட்டுவது அக்கா. மோட்டாரைப் போட்டு, குழாயைப் பிடித்து, உள்ளே ஏறி இருக்கை, எஞ்சின் மூடி, தரை எல்லாம் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். பிறகு சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். ஒரு வருடம் நானும் கூட நின்று பக்கெட் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். இருபது வருடம், இருபது குளியல்.

மெக்கானிக்குக் குறிப்பாகக் கண் காட்டினேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்று கிளம்பிப் போனார்.

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். வரப்பைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வாங்க."

மாமா வந்தார். காலெல்லாம் சேறு.

"கேட்டீங்களா அந்தாளு சொன்னத? நான்தான் ஊத்திக் கெடுத்தனாம்."

மாமா சேற்றை ஒரு காலால் இன்னொரு காலில் தேய்த்தார்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"இன்னா தெரியுமா?"

"தண்ணி ஊத்துனா துருப்புடிக்கும்னு. பதினஞ்சு வருசம் ஓட்டினீங்களே, தெரியுமா தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் பார்வையை வேறு பக்கம் திருப்பினேன். இந்த இடத்தில் உதவிக்குப் போகிற மச்சான் உலகத்திலேயே கிடையாது.

"உள்ள ஏறிக் கழுவும்போது நீ பாட்டுப் பாடுவ" என்றார் கடைசியில். "வருசத்துல அந்த ஒரு நாளுதான் என்ன திட்ட மாட்ட. அத போயி நான் ஏன் கெடுத்துக்கணும்?"

சொல்லிவிட்டு வாய்க்காலுக்கே திரும்பிப் போய்விட்டார். அக்கா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தாள், பிறகு முந்தானையால் அதை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரிந்துகொள்ள அவள் எனக்கு இடம் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் லாரியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடையில் நான் வரைவதும் நின்றுபோனது. எதை வரைவது? கேபினை வைத்துக்கொண்டால் லாரி எங்கும் போகாது. அதே மரத்தடியில் மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடும். லாரி ஓட வேண்டும் என்றால் அக்காவின் தனிக்குடித்தனம் உடைந்து மூலையில் குவியும். இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மரம், ஒன்றில் சாலை. அந்த வாரங்களில் எனக்கு வந்த கனவுகளில் கேபின் தனியாகவே போய்க்கொண்டிருந்தது. சக்கரம் இல்லாமல், சங்கராபரணி ஆற்றில் செல்லிப்பட்டுப் பக்கம் வெள்ளம் வரும்போது வைக்கோல் போர் மிதந்து போகுமே, அப்படி. ஜன்னலில் ஒரு புடவை கட்டியிருந்தது.

நான்காவது ஞாயிறு நானே ஒரு யோசனையோடு போனேன். மேலே தகரக் கொட்டகை போடலாம். லாரியைத் தொட வேண்டாம். கேபினுக்கு உள்ளே முட்டுக் கொடுத்து அப்படியே வைத்துக்கொள்ளலாம். என் வாழ்க்கையில் நானாக ஒரு வேலையைத் தொடங்குவதற்கு முன்பே விட்டுக்கொடுக்க முன்வந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா முழுக்கக் கேட்டாள்.

"கொட்டா போட்டு, கும்பிட்டுனு இருக்கச் சொல்றியா? சாமி எனக்கு ஏற்கெனவே நெறைய இருக்குது. ஒண்ணும் நகர மாட்டேங்குது." ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். "ஓடட்டும்டா. புதுசுல ஏறி ஒக்காந்து, இது அந்த மாரி இல்ல, அந்த மாரி இல்லனு நான் தெனம் சொல்லினு இருப்பேன். நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. ஆனா ஓடட்டும்."

"நெஜமாவா?"

"நீ பாதில ஓடமாட்டன்னா நெஜமா."

நான் தலையாட்டினேன். அவள் நம்பியது போலத் தெரியவில்லை. ஆனால் மெக்கானிக்கை அவளே போனில் கூப்பிட்டாள். வியாழக்கிழமை காலையில் கிரேன் கொண்டுவந்து லாரியை இழுத்துப்போவது, அதற்கு முன்னால் பழைய கேபினை இஞ்ச் விடாமல் அளந்து வைப்பது என்று முடிவானது. போனில் மெக்கானிக், எப்படியும் புதிதாகக் கட்டுவதுதானே, அரை அடி அகலம் கூட்டி வைத்துத் தரட்டுமா, தாராளமாக உட்காரலாமே என்று கேட்டிருக்கிறார்.

"வாணாம்" என்றாள் அக்கா. "இருந்த அளவுதான். இடிச்சினு ஒக்காந்தாதான் அது கேபினு."

புதன்கிழமை கடையை மத்தியானமே பூட்டிவிட்டு டேப்போடு போனேன். உளுத்த தரையில் கால் வைக்க முடியாது. சட்டத்தின் மேலே ஒரு பலகையைப் போட்டு அதில் நின்றோம். டேப்பின் ஒரு முனை அவள் கையில், இன்னொரு முனை என் கையில். இருக்கையிலிருந்து கூரைக்கு. எஞ்சின் மூடியிலிருந்து கண்ணாடிக்கு. மூடியின் நீளம், அகலம், ஓரத்தின் வளைவு. அது வார்ப்பிரும்பு, துரு அதை ஒன்றும் செய்யவில்லை. புதிய கேபினிலும் அதையே வைக்கலாம் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். அளவு சொல்வாள், நான் எழுதுவேன். நடுவில் டேப்பை விட்டுவிட்டு, ஜன்னல் சட்டத்தின் மேல் ஓரமாக விரலை ஓட்டினாள். அங்கே இரண்டு ஆணிகள் இருந்தன, தலை தேய்ந்து. அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று நானே அளந்து, அதையும் எழுதிக்கொண்டேன். அவள் டேப்பின் முனையை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

ஐந்தரைக்கு மாமா வந்தார். காக்கிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது. ஏறுங்க" என்றாள் அக்கா. அவள் அதற்குள் ஒரு சாக்கை மடித்துப் போட்டு எஞ்சின் மூடியின் மேல் உட்கார்ந்துவிட்டிருந்தாள். கால்கள் இந்தப் பக்கமாகத் தொங்கின.

"இன்னாத்துக்கு?"

"ஏறுங்கனா ஏறுங்க. நாளைக்கி இருக்காது."

"முட்டி வலிக்கிது. காலைலேருந்து கிளட்ச்ச மிதிச்சினு வரேன்."

"அங்க ஏசில மிதிச்சீங்க. இங்க சும்மா குந்துங்க."

மாமா முணுமுணுத்துக்கொண்டே படியில் கால் வைத்தார். ஏறுகிற விதத்தை உடம்பு மறந்திருக்கவில்லை. வலது கை எங்கே பிடிக்க வேண்டும் என்று பார்க்காமலே பிடித்தது. பலகையைத் தாண்டி, தரையைத் தொடாமல், இருக்கைக்குள் சரிந்து உட்கார்ந்தார். இடது காலைப் பழக்கத்தில் எஞ்சினிடமிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டார், அதில் சூடு இல்லாமல் இருபது வருடம் ஆகியிருந்தும். அக்கா அதைக் கவனித்தாள். ஸ்டேரிங்கைப் பிடித்தார். முன்னால், இரண்டாகப் பிரிந்த கண்ணாடிக்கு வெளியே, சாயந்திர வெயில் நெல்லின் மேல் படுத்துக்கிடந்தது. தூரத்தில் பாகூர் ஏரிக்கரையின் பனைகள் ஒரு கோடாக நின்றன. காற்று அடித்தபோது வயல்தான் நகர்ந்ததா, லாரிதான் நகர்ந்ததா என்று ஒரு கணம் எனக்கே தடுமாற்றமாக இருந்தது.

கிளீனர் பக்கத்துப் பலகையில் நான் இன்னும் நின்றுகொண்டிருந்தேன், கையில் டேப்பும் தாளுமாக. அந்தக் கேபினில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே குதித்தேன்.

"நான் கெளம்பறேன்க்கா. காலைல ஏழு மணிக்கெல்லாம் வந்துடறேன்."

அக்கா தலையை அசைத்தாள். மாமா திரும்பவில்லை. சாலையைப் பார்ப்பதுபோல வயலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி மச்சான்" என்றார். "கதவ சாத்திட்டுப் போ."